சுகர் கிளைடர்: ஒரே பேருக்குள்ள மூணு மிருகம்

இன்ஸ்டால ரீல்ஸ் பாக்கறவங்களுக்கு இந்த மிருகம் புதுசு இல்ல. சாம்பல் கலர் உடம்பு, நெத்தியில இருந்து முதுகு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, மூஞ்சில பாதிய அடைச்சுக்கிட்டு ரெண்டு கண்ணு, சட்டைப் பாக்கெட்டுக்குள்ள இருந்து எட்டிப் பாக்கும், கூப்பிட்டா கர்ட்டன் கம்பில இருந்து பாஞ்சு வந்து நெஞ்சுல ஒட்டிக்கும். சென்னை, பெங்களூர்ல எக்ஸோட்டிக் பெட் விக்கிறவங்ககிட்ட கிடைக்குது, வாங்குறவங்கள்ல பாதிப் பேர் இத பறக்கும் அணில்னுதான் சொல்றாங்க. அணிலும் இல்ல, பறக்கவும் பறக்காது, அது கொஞ்சம் தேடுனாலே தெரிஞ்சுரும். அதுக்குக் கீழ இன்னொரு குழப்பம் இருக்கு, அது அவ்வளவா யாரும் பேசாதது. சுகர் கிளைடர்ங்கற பேர் 2020 வரைக்கும் ஆஸ்திரேலியாவுல இருக்கற மூணு தனித்தனி மிருகத்த ஒரே சாக்குல போட்டுக் கட்டி வச்சிருந்த பேர், அந்தச் சாக்க அவுத்துப் பாத்தப்போதான் உண்மையான சுகர் கிளைடர் எவ்வளவு சின்ன இடத்துல இருக்குன்னே தெரிய வந்துச்சு.

முதல்ல மிருகம் எப்படி வாழுதுன்னு சொல்லிடறேன், அது தெரிஞ்சாத்தான் வகைப்பாட்டுச் சண்டை ஏன்னு புரியும். மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் 24ல இருந்து 30 செ.மீ., அதுல பாதிக்கு மேல வாலு. எடை 100 கிராம்ல ஆரம்பிச்சு 160 கிராமுக்குள்ள இருக்கும், அதாவது ஒரு சின்ன ஆப்பிள் அளவு. பகல் பூரா மரப்பொந்துக்குள்ள இலையப் பரப்பி அதுல கூட்டமா சுருண்டு படுத்திருக்கும், ஒரே பொந்துல ஏழு பெருசு வரைக்கும் அதுங்க குட்டிங்களோட. தலைவனா இருக்கற ஆணுக்கு நெத்தியில முடி இல்லாம ஒரு சொட்டை இருக்கும், அங்க வாசனைச் சுரப்பி இருக்கு, அத எல்லார் மேலயும் தேச்சு விட்டுரும், அந்த வாசனை இல்லாதவன் உள்ள வந்தா அடிதான். குளிர் ஜாஸ்தியாகி சாப்பாடும் கிடைக்கலன்னா உடம்புச் சூட்டக் குறைச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் மரத்துப் போன மாதிரி கிடக்கும், புயல் அடிச்ச ராத்திரில வெளிய போகாம இப்படிப் படுத்துத் தப்பிச்சதக்கூட ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க.

சாப்பாடுன்னா பூந்தேன், தைல மரத்துச் சாறு, வேல மர வகையில வர்ற வாட்டில் மரங்களோட பிசின், கூடவே பூச்சி, சிலந்தி, கிடைச்சா பறவை முட்டை. இனிப்பு மேல இருக்கற இந்த ஆசையாலதான் அந்தப் பேரே. பிசின் எடுக்கறதுக்குன்னே கீழ்த்தாடையில முன்னாடி ரெண்டு பல்லு நீட்டி உளி மாதிரி இருக்கும், அத வச்சு பட்டையக் கீறி விட்டுட்டு வழியறத நக்கும், அந்தக் கீறல் இருக்கற இடத்த ஞாபகம் வச்சுக்கிட்டு மறுபடி மறுபடி வரும்.

இப்போ அந்த சறுக்கல். கை சுண்டு விரல்ல ஆரம்பிச்சு கால் கட்டைவிரல் வரைக்கும் ரெண்டு பக்கமும் தோல் மடிப்பு ஒண்ணு இருக்கு, சும்மா நிக்கும்போது ஓரத்துல சுருங்கி அலையலையா தெரியும், பாயும்போது நாலு காலையும் விரிச்சா உடம்பே ஒரு சதுரத் துணி ஆயிடும். ஒரு மீட்டர் கீழ இறங்கறதுக்குள்ள கிட்டத்தட்ட 1.8 மீட்டர் முன்னாடி போயிரும், நல்ல உயரத்துல இருந்து கிளம்பினா 50 மீட்டர் தாண்டி அடுத்த மரத்துக்குப் போகலாம். திரும்பணும்னா ஒரு பக்கத் தோல லேசா தளர்த்தும், வால் சுக்கான் வேலை பாக்கும், மரத்துக்கிட்ட வந்ததும் உடம்ப மேல் நோக்கித் தூக்கி வேகத்தக் குறைச்சு நாலு காலும் ஒண்ணாப் பதியற மாதிரி இறங்கும். தரையில இறங்கி நடந்து அடுத்த மரத்துல ஏறறதவிட இது சக்தி மிச்சம், அதோட கீழ சுத்தற பூனை, நரி, பாம்பு கண்ணுலயும் படாது. ஆந்தைகிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும், அது வேற கதை.

சரி, அணில் இல்லன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றாங்க? உடம்பு கிட்டத்தட்ட அதே டிசைன்தானே. நம்ம ஆனைமலையிலயும் முண்டந்துறையிலயும் ராத்திரி டார்ச் அடிச்சா தெரியற பெரிய பறக்கும் அணிலும் இதே வேலையத்தான் பண்ணுது. ஆனா அது கொறிணி, எலி வம்சம், அதோட பறக்கற தோலுக்கு முட்டுக் குடுக்க மணிக்கட்டுல இருந்து ஒரு குருத்தெலும்புக் குச்சி தனியா நீட்டிக்கிட்டு இருக்கும். சுகர் கிளைடருக்கு அந்தக் குச்சி கிடையாது. அதவிடப் பெரிய வித்தியாசம் குட்டி போடற விதம். சுகர் கிளைடரோட கர்ப்பகாலம் மொத்தமே 15ல இருந்து 17 நாள், பொறக்கும்போது குட்டி 0.2 கிராம், ஒரு அரிசிய விடச் சின்னது, கண்ணு இல்ல முடி இல்ல, முன்னங்கால் மட்டும் கொஞ்சம் வளந்திருக்கும், அத வச்சே தாயோட வயித்து முடியப் பிடிச்சு ஊர்ந்து பைக்குள்ள போய் காம்பக் கவ்விக்கும். அங்கயே ரெண்டு மாசத்துக்கு மேல. இப்படிக் குட்டியப் பையில வளக்கற வம்சத்துக்குத்தான் பைப்பாலூட்டின்னு பேர். பறக்கும் அணிலுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. அணில் வம்சமும் பைப்பாலூட்டி வம்சமும் பிரிஞ்சது டைனோசர் காலத்துல, சுமார் 16 கோடி வருஷத்துக்கு முன்னாடி. அந்தக் கணக்குல பாத்தா பறக்கும் அணில் நமக்குத்தான் நெருங்குன சொந்தம், சுகர் கிளைடருக்கு இல்ல.

பைப்பாலூட்டிக்குள்ளயே எங்க வைக்கறதுங்கறது அடுத்த கேள்வி. கீழ்த்தாடையில ரெண்டே ரெண்டு பெரிய முன்பல், பின்னங்கால்ல ரெண்டாவது மூணாவது விரல் ஒண்ணா ஒட்டி நகம் மட்டும் தனியா இருக்கறது, இந்த ரெண்டு அடையாளமும் சேந்து இருந்தா அது டைப்ரோட்டோடோன்ஷியாங்கற வரிசை. கங்காரு, கோலா, வோம்பாட் எல்லாம் இதுலதான் வருது, அதனால முறைப்படி பாத்தா உங்க பாக்கெட்டுல இருக்கறது கங்காருவோட தூரத்துச் சொந்தம். அந்த ஒட்டுன விரல வச்சுதான் முடியச் சீவிக்கும், அதாவது சீப்பு. அந்த வரிசைக்குள்ள மரத்துல வாழற பாஸம் கூட்டம், அதுக்குள்ள பெட்டாரிடே குடும்பம், அதுக்குள்ள பெட்டாரஸ் பேரினம். அமெரிக்காவுல குப்பைத்தொட்டியக் கிளறுற ஒபாஸம் இந்தப் பாஸம் கூட்டத்துல சேராது, அதுக்கு வேற வரிசையே இருக்கு.

ஐரோப்பாக்காரங்க ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதுசுல இந்தப் பெட்டாரஸ் கூட்டத்த அணில்னுதான் நினைச்சாங்க. 1789ல நியூ சவுத் வேல்ஸோட முதல் கவர்னர் பிலிப்போட பயணம் பத்தி லண்டன்ல வந்த புத்தகத்துல நார்ஃபோக் தீவுப் பறக்கும் அணில்னு ஒரு படம் போட்டிருந்தாங்க, அத நம்பி 1792ல ராபர்ட் கெர்ங்கறவர் அணில் பேரினத்துலயே வச்சு நார்ஃபோல்சென்சிஸ்னு பேர் குடுத்தார். கூத்து என்னன்னா நார்ஃபோக் தீவு ஆஸ்திரேலியாவுல இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி கடல் நடுவுல இருக்கு, அந்தத் தீவுல இந்த மிருகம் எப்பவுமே இருந்ததில்ல. எங்கயோ லேபிள் மாறிப் போச்சு. ஆனா முதல்ல வச்ச பேர மாத்தக் கூடாதுங்கற விதி இருக்கறதால இன்னைக்கும் அந்தப் படத்துல இருந்த மிருகம், அதாவது சுகர் கிளைடரோட நெருங்குன சொந்தமான ஸ்குவிரல் கிளைடரோட அறிவியல் பேர் பெட்டாரஸ் நார்ஃபோல்சென்சிஸ்தான். இல்லாத தீவு, இல்லாத அணில், ரெண்டும் பேர்ல பத்திரமா இருக்கு.

இங்க ஒரு விஷயம், எனக்கு இந்த மொத்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்சது இதுதான். ஆஸ்திரேலியாப் பைப்பாலூட்டிகள்ல சறுக்கிப் பாயற திறமை ஒரு தடவை வந்து எல்லாருக்கும் பரவல, மூணு தடவை தனித்தனியா வந்திருக்கு. பெட்டாரஸ் கூட்டம் ஒண்ணு. இலை மட்டுமே தின்னு வாழற கிரேட்டர் கிளைடர் ரெண்டாவது, அதுக்கு தோல் முழங்கைல இருந்துதான் ஆரம்பிக்கும், அதனால பாயும்போது கைய மடிச்சு தாடைக்குக் கீழ வச்சுக்கும், பாக்கவே வேற மாதிரி இருக்கும். மூணாவது ஃபெதர்டெயில் கிளைடர், சுண்டெலி அளவுதான், வாலு இறகு மாதிரி. இந்த மூணுக்கும் நெருங்குன சொந்தம்னு பாத்தா பாயவே தெரியாத ஒரு பாஸம் இருக்கும். கிரேட்டர் கிளைடருக்கு குயின்ஸ்லாந்து மழைக்காட்டு லெமுராய்ட் ரிங்டெயில். ஃபெதர்டெயிலுக்கு நியூ கினியாவுல இருக்கற ஃபெதர் டெயில்டு பாஸம். பெட்டாரஸுக்கு விக்டோரியா மாகாணத்து லெட்பீட்டர்ஸ் பாஸம், இது மூஞ்சி, கோடு, சைஸ் எல்லாத்துலயும் சுகர் கிளைடர் மாதிரியே இருக்கும், தோல் மடிப்பு மட்டும் கிடையாது. 1867ல பேர் வச்சாங்க, 1909க்கு அப்புறம் கண்ணுலயே படல, அழிஞ்சு போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க, 1961ல மேரிஸ்வில் பக்கம் மறுபடி கண்டுபிடிச்சாங்க.

தனித்தனியா வந்துச்சுன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற வழியில வந்திருக்கணுமேன்னு தோணும். 2024ல நேச்சர் இதழ்ல பிரின்ஸ்டன்ல ரிக்கார்டோ மல்லரினோ குழு போட்ட ஆய்வு இதத்தான் தோண்டிப் பாத்துச்சு. பாயற பாயாத பைப்பாலூட்டிகளோட மரபணுத் தொகுதிய வரிசையா வச்சு ஒப்பிட்டாங்க, ஈஎம்எக்ஸ்2ங்கற ஜீனச் சுத்தி இருக்கற ஸ்விட்ச் பகுதிகள் பாயற கூட்டத்துல வேகமா மாறியிருக்கறது தெரிஞ்சது. ஜீன் எல்லாருக்கும் இருக்கறதுதான், எங்க எவ்வளவு நேரம் வேலை செய்யணும்ங்கறதுதான் மாறியிருக்கு. சுகர் கிளைடர் குட்டி பைக்குள்ள இருக்கும்போதே அந்த ஜீனோட வேலையக் குறைச்சா தோல் மடிப்பு சரியா வளரலன்னும் காட்டினாங்க. குட்டி பிறந்ததுக்கப்புறம் வெளிய பையிலதான் தோல் வளருதுங்கறதால இப்படி ஒரு சோதனை சாத்தியமாச்சு, பறக்கும் அணில்ல இத பண்ணிப் பாக்க முடியாது, அங்க எல்லாம் கருப்பைக்குள்ளயே நடந்து முடிஞ்சுரும். ஆக ஒரே கருவி, மூணு வம்சம் தனித்தனியா எடுத்துப் பயன்படுத்தியிருக்கு. உருவத்த மட்டும் பாத்து சொந்தம் முடிவு பண்ணக் கூடாதுங்கறதுக்கு இதவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சரி, பெட்டாரஸ் பேரினத்துக்குள்ள வருவோம், குழப்பமே இங்கதான். பெருசா இருக்கற யெல்லோ பெல்லீட் கிளைடர் அரைக் கிலோவத் தாண்டும், தைல மரப் பட்டையில வி வடிவத்துல வெட்டி சாறு குடிக்கும், ராத்திரி அது போடற சத்தம் அரைக் கிலோமீட்டருக்குக் கேக்கும். அதுல யாருக்கும் சந்தேகம் வந்ததில்ல. பேப்புவா நியூ கினியாவுல டொரிசெல்லி மலையில மட்டும் இருக்கற நார்தர்ன் கிளைடர், 1981ல பேர் வச்சாங்க, அதிபயங்கர அழிவு நிலையில இருக்கு. பியாக் தீவுல ஒண்ணு, அது தனி இனமா இல்லையான்னு இன்னும் இழுபறி.

மஹாகனி கிளைடரோட கதைய மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும். 1883ல சார்ல்ஸ் டி விஸ்ங்கறவர் வடக்கு குயின்ஸ்லாந்துல இருந்து வந்த தோல வச்சு இது தனி இனம்னு சொல்லி கிராசிலிஸ்னு பேர் குடுத்தார். பின்னாடி வந்தவங்க, இது சும்மா கொஞ்சம் பெரிய ஸ்குவிரல் கிளைடர், தனி இனமெல்லாம் இல்லன்னு சொல்லி அந்தப் பேர அழிச்சுட்டாங்க. பேர் போனதும் யாரும் தேடவும் இல்ல. நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு 1989ல குயின்ஸ்லாந்து மியூசியத்து ஸ்டீவ் வான் டைக் பழைய தோலையும் மண்டை ஓட்டையும் பாத்துட்டு டி விஸ் சொன்னது சரிதான்னு சந்தேகப்பட்டு டல்லி பக்கம் போய்த் தேடினப்போ மிருகம் உயிரோட இருந்துச்சு. டல்லிக்கும் இங்கமுக்கும் நடுவுல கடலோரமா ஒரு ஒல்லியான பட்டை நிலம், உலகத்துலயே அங்க மட்டும்தான் இருக்கு, ஆனா அந்த நூறு வருஷத்துல அந்தக் காட்டப் பெரும்பகுதி கரும்புக்கும் வாழைக்கும் பைன் தோப்புக்கும் வெட்டி முடிச்சிருந்தாங்க. தனி இனம்னு ஒத்துக்கிட்டிருந்தா காட்டக் காப்பாத்தியிருப்பாங்கன்னு நான் சொல்ல வரல, அந்தக் காலத்துல யாரும் எதையும் காப்பாத்தல. ஆனா பட்டியல்ல பேரே இல்லாத ஒண்ணுக்காக வழக்கு போடவும் முடியாது, மனு குடுக்கவும் முடியாது. (அதே 1989லதான் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில திருவிதாங்கூர் பறக்கும் அணிலும் நூறு வருஷத்துக்கு அப்புறம் திரும்பக் கிடைச்சுது, அது வெறும் தற்செயல்.)

இப்போ சுகர் கிளைடர். 1838ல ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் நியூ சவுத் வேல்ஸ்ல இருந்து போன ஒரு மாதிரி உடல (ஸ்பெசிமன்) வச்சு பிரெவிசெப்ஸ்னு பேர் வச்சார். 1842ல ஜான் கூல்ட் வடக்குக் கோடியில இருந்து வந்த சின்ன வகைக்கு ஏரியல்னு வச்சார். 1859ல பெர்லின்ல வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இன்னொண்ணுக்கு நொட்டாட்டஸ்னு வச்சார். இருபதாம் நூற்றாண்டுல எல்லாத்தையும் சேத்து, எல்லாம் ஒரே இனம், ஊருக்கு ஊரு கொஞ்சம் வேறுபடுது அவ்வளவுதான்னு பிரெவிசெப்ஸ்ங்கற ஒரே பேருக்குக் கீழ கொண்டு வந்துட்டாங்க. ஏழு துணை இனம், மூணு ஆஸ்திரேலியாவுல, நாலு நியூ கினியாவுல. அடிலெய்டு பக்கத்துல இருந்து மெல்போர்ன், சிட்னி, கேப் யார்க், டார்வின் நகரம், கிம்பர்லி, அப்புறம் கடல் தாண்டி நியூ கினியா வரைக்கும் ஒரே மிருகம். குளிர் காட்டுலயும் இருக்கும் மழைக்காட்டுலயும் இருக்கும் காஞ்ச சவானாப் புல்வெளியிலயும் இருக்கும்னா யோசிக்கும்போதே கொஞ்சம் உறுத்தணும், ஆனா ரொம்ப நாள் யாரையும் உறுத்தல.

2010லயே டிஎன்ஏ பாத்தவங்களுக்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளயே ரெண்டு தனி வம்சாவளி இருக்கறது தெரிஞ்சுது, அதுவும் துணை இனக் கோடு போட்ட இடத்துல பிரியாம வேற இடத்துல பிரிஞ்சுது. அப்புறம் சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகத்துல டீகன் கிரெமோனா, சூ கார்த்யூ குழு மியூசியங்கள்ல கிடந்த மண்டை ஓடு, தோல், உயிரோட பிடிச்சு அளந்தது எல்லாத்தையும் டிஎன்ஏ தகவலோட சேத்துப் பாத்து 2020ல முடிவச் சொன்னாங்க: ஆஸ்திரேலியாவுல இருக்கறது மூணு இனம். வடக்குல கிம்பர்லி, டார்வின் பக்கம் சவானாவுல இருக்கறது பெட்டாரஸ் ஏரியல், சவானா கிளைடர், மூக்கு கூரா இருக்கும், பாக்க சுகர் கிளைடரவிட ஸ்குவிரல் கிளைடர் ஜாடைதான் ஜாஸ்தி. குயின்ஸ்லாந்துல இருந்து விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா வரைக்கும், கிழக்குக் கரையோரமா ஓடற கிரேட் டிவைடிங் மலைத்தொடருக்கு உள்பக்கமும் சேத்து பரவிக் கிடக்கறது பெட்டாரஸ் நொட்டாட்டஸ், கிரெஃப்ட்ஸ் கிளைடர். முதுகுக் கோடு அழுத்தமா இருக்கறது இதுக்குத்தான். மிச்சம் இருக்கறது பிரெவிசெப்ஸ், உண்மையான சுகர் கிளைடர், அதே மலைத்தொடருக்கும் கடலுக்கும் நடுவுல தெற்கு குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கடலோரக் காட்டுல மட்டும். கண்டம் பூரா இருக்கறதா நினைச்சிருந்த மிருகம் ஒரு கரையோரத்துல வந்து நின்னுருச்சு.

பேர் ஏன் அந்தச் சின்ன இடத்துக்குப் போச்சு, பரவலா இருக்கறதுக்குக் குடுத்திருக்கலாமேன்னு கேக்கலாம். விதி அப்படி. ஒரு பேர் முதல்ல எந்த மாதிரிக்கு வச்சாங்களோ அந்த மாதிரியோடதான் போகும், எத்தனை பேர் பழகியிருக்காங்கங்கறது கணக்கில்ல. வாட்டர்ஹவுஸ் கைக்குப் போனது நியூ சவுத் வேல்ஸ்காரன், அதனால பேரும் அங்கதான். மத்த ரெண்டுக்கும் புதுப் பேர் தேட வேண்டிய அவசியமே இல்ல, அலமாரியில தூங்கிக்கிட்டிருந்த 1842, 1859 பேருங்கள எழுப்பிட்டாங்க. இந்த விதிய மீறுறதும் எப்பவாவது நடக்கும், தாவரவியல்ல அகேஷியாங்கற பேர் விதிப்படி நம்ம கருவேல மரக் கூட்டத்துக்குச் சேர வேண்டியது, ஆனா ஆஸ்திரேலியாவுல ஆயிரம் வாட்டில் மரத்துக்குப் பேர் மாத்தணுமேன்னு 2005ல வியன்னாவுல பேசி 2011ல மெல்போர்ன்ல உறுதி பண்ணி பேர அவங்களுக்குக் குடுத்துட்டாங்க, நம்ம கருவேலம் வாச்செல்லியா ஆயிடுச்சு. சுகர் கிளைடருக்கு அப்படிச் சலுகை யாரும் கேக்கல.

கிரெஃப்ட்ஸ் கிளைடர்ங்கற பொதுப்பேர் ஜெரார்ட் கிரெஃப்டோட நினைவா வச்சது. ஜெர்மனில பிறந்து சிட்னி ஆஸ்திரேலிய மியூசியத்துல பொறுப்பாளரா இருந்தவர், பரிணாமக் கொள்கை சொன்ன சார்ல்ஸ் டார்வினுக்காகப் பேசினவர், குயின்ஸ்லாந்து நுரையீரல் மீன உலகத்துக்குச் சொன்னவர். 1874ல டிரஸ்டிகளோட சண்டை முத்திப்போய் வேலைய விட்டுத் தூக்கினப்போ நகர மாட்டேன்னு நாற்காலியிலயே உக்காந்துட்டார், ஆளுங்கள வச்சு நாற்காலியோட தூக்கிக் கொண்டு போய்த் தெருவுல வச்சாங்க. அவருக்கு ஒரு மிருகத்தோட பேர் கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்தான்.

இனத்தப் பிரிக்கறது ஒரு ஃபேஷன் ஆயிடுச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுல நியாயம் இல்லாம இல்ல. 2011ல காலின் குரோவ்ஸும் பீட்டர் கிரப்பும் மாடு, ஆடு வகையறா வர்ற குடும்பத்துல 140 சொச்சம் இருந்த இனத்த ஒரேயடியா 279 ஆக்குனப்போ நிறையப் பேர் கடுப்பானாங்க, சில இடத்துல கைப்பிடி அளவு மண்டை ஓட்ட வச்சு பிரிச்சாங்கன்னு. டிஎன்ஏல வித்தியாசம் இருந்தாலே தனி இனம்னா கடைசில ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு வரும். ஆனா சுகர் கிளைடர் விஷயத்துல அந்தக் குற்றச்சாட்டு நிக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன். மண்டை ஓடு ஒரு சாட்சி, டிஎன்ஏ இன்னொரு சாட்சி, வாழற இடம் மூணாவது, மூணும் ஒரே இடத்துல கோடு போடுது. கிரெஃப்ட்ஸும் சுகரும் சில பகுதியில ஒரே காட்டுல இருக்க வாய்ப்பு இருக்குங்கறாங்க, பக்கத்துலயே இருந்தும் கலந்து ஒண்ணா ஆகலன்னா அத இனம்னு சொல்லாம வேற என்ன சொல்றது.

இதால நடைமுறையில என்ன மாறுது? முதல்ல அந்தக் கவலையில்லாத முத்திரை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சுகர் கிளைடர அழிவு அபாயம் குறைஞ்சதுன்னு போட்டது கண்டம் பூரா ஒரே மிருகம்ங்கற கணக்குல. வடக்குல சவானா கிளைடர் இருக்கற பரப்பு கணிசமா சுருங்கியிருக்கு, அங்க சின்னப் பாலூட்டிகள் எல்லாமே அடி வாங்கிக்கிட்டிருக்கு, காட்டுத்தீ முறை மாறினது, பூனை, மேய்ச்சல்னு காரணங்கள் கூட்டமா இருக்கு. அது ஒரு துணை இனமா இருந்த வரைக்கும் தெற்குல நல்லா இருக்கற கிரெஃப்ட்ஸ் கூட்டம் கணக்க சரிக்கட்டிருச்சு. சுகர் கிளைடர் கதை இன்னும் மோசம். இந்த ஆய்வு வர்றதுக்குச் சில மாசம் முன்னாடிதான் 2019-20 தீ கிழக்குக் கடலோரக் காட்டத் தின்னுச்சு, அதாவது புதுக் கணக்குப்படி சுகர் கிளைடருக்கு இருக்கற ஒரே வீடு. மரம் மறுபடி துளிர்க்கும், பொந்து துளிர்க்காது. ஆஸ்திரேலியாவுல மரங்கொத்தி கிடையாது, கிளை ஒடிஞ்ச இடத்துல பூஞ்சையும் கரையானும் மெதுவா அரிச்சுத்தான் பொந்து வரணும், தைல மரத்துல அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆகும்.

இன்னொரு பக்கம், டாஸ்மேனியாவுல இந்தக் கிளைடர் வில்லன். அங்க இது சொந்த ஊர்க்காரன் இல்லன்னு டிஎன்ஏ உறுதி பண்ணிருச்சு, 1835 வாக்குல போர்ட் பிலிப் (இன்னைக்கு மெல்போர்ன்) பக்கம் இருந்து லான்செஸ்டனுக்கு வளக்கறதுக்காகக் கொண்டு வந்து தப்பிப் போனதுங்க. ஸ்விஃப்ட் பாரட்னு ஒரு கிளி, டாஸ்மேனியாவுல மட்டும் கூடு வைக்கும், அதுவும் மரப்பொந்துலதான். ராத்திரி கிளைடர் பொந்துக்குள்ள நுழைஞ்சு முட்டை, குஞ்சு, அடைகாத்துக்கிட்டிருக்கற தாய்க் கிளின்னு எல்லாத்தையும் தின்னுருது. கிளைடர் இல்லாத புரூனி தீவு, மரியா தீவுல கூடு தப்பிக்குது, பெரிய தீவுல தப்பிக்கறதில்ல. கிளி இப்போ அதிபயங்கர அழிவு நிலையில. ஆராய்ச்சிக் கட்டுரை, செய்தி எல்லாத்துலயும் கிளியத் தின்னுற சுகர் கிளைடர்னுதான் இருக்கும், புது வகைப்பாட்டுப்படி அது கிரெஃப்ட்ஸ். கொலைப்பழி ஒருத்தன் மேல, காடு எரிஞ்சு தவிக்கறது இன்னொருத்தன், பேர் மட்டும் ஒண்ணு.

கடைசியா பெட் விஷயம். அமெரிக்காவுல இது பெரிய பிசினஸ், கலிஃபோர்னியா, அலாஸ்கா, ஹவாய்ல தடை, மத்த பல இடத்துல கூண்டோட கிடைக்கும். அதுங்க எங்க இருந்து வந்துச்சுன்னு 2019ல டிஎன்ஏ பாத்தப்போ ஆஸ்திரேலியா தொடர்பே வரல, எல்லாம் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான மேற்கு பப்புவால சொராங் பக்கத்துல இருந்து போன வம்சம். நம்ம ஊர்ல விக்கிறதுக்கும் ஆஸ்திரேலியா மூலம் இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, உயிரோட காட்டு மிருகத்த வியாபாரத்துக்கு வெளிய அனுப்ப அங்க சட்டம் விடாது. வளக்கறவங்க அதுக்கு வாழைப்பழமும் செரிலாக்கும் குடுத்து கால்சியம் குறைஞ்சு பின்னங்கால் முடங்கிப் போறதும், கூட்டமா வாழற ஜீவன ஒத்தையில அடைச்சு வச்சு அது சொந்த முடியப் பிச்சுக்கறதும் தனியா எழுத வேண்டிய விஷயம்.

வகைப்பாட்டுல இது எங்க வந்து நிக்குதுன்னா, 2020 ஆய்வு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும்தான் தீர்ப்பு சொல்லுச்சு, நியூ கினியாவத் தொடல. அங்க இருக்கற கிளைடர்கள் கிரெஃப்ட்ஸ்ல சேருமா, தனி இனமா, ஒண்ணா நாலான்னு இன்னும் யாரும் முடிச்சு வைக்கல. பப்புவானஸ், தாஃபா, ஃபிளாவிடஸ்னு பழைய துணை இனப் பேருங்க அதே மாதிரி அலமாரியில படுத்திருக்கு, மலைக்காட்டுல இருந்து சரியான மாதிரி வந்து பாத்தாத்தான் எத எழுப்பணும்னு தெரியும். உலகத்துல மனுஷன் வீட்டுல அதிகமா வளர்ற கிளைடர் இதுதான், இன்னைக்குத் தேதிக்கு அதுக்கு உறுதியான அறிவியல் பேர் கிடையாது. பெட் கடையில ஒரிஜினல் ஆஸ்திரேலியன் சுகர் கிளைடர்னு போர்டு போட்டிருந்தா அதுல ஒரிஜினலும் ஆஸ்திரேலியனும் மட்டும் இல்ல, சுகர் கிளைடரும் சந்தேகம்தான்.